புல்லின் பச்சை போகும்வரை

எதிர்க்கரைப் புல்லில் பச்சை இருக்கும்வரை
ஆற்றில் கால் வைக்கக் கூடாது.
டெய்வி ஆற்றில் எங்களுக்குள்ள ஒரே சட்டம் அது.
மீதியெல்லாம் டெலித்தின் அபிப்பிராயம்.

ஜூலையில், இந்த மேற்கு வேல்ஸில்,
பச்சை போக மணி பத்தரை ஆகும்.
அதுவரை வேலியோரம் உட்கார்ந்து
வெங்காய ரொட்டி தின்கிறோம்,
ரப்பர் கால்சட்டைக்குள் வியர்க்கிறோம்,
வௌவால்களை எண்ணுகிறோம்.
பதினொன்று என்கிறாள் என் மகள் எலெரி.
ஒரே வௌவால் பதினொரு முறை என்கிறான் மக்சென்.

என் கணவன் ரோத்ரி வேலியின் இந்த முனையில்.
அவன் அண்ணன் கெதின் அந்த முனையில்.
மார்ச் சந்தையில் தம்பியைக் கேட்காமல் விற்ற கிடா
நடுவில் நின்று அசைபோடுகிறது.
உப்பு வேண்டுமென்றால்கூட
"எலெரி, பெரியப்பாகிட்ட கேளு."

பகலில் இந்த மீனைப் பார்க்க முடியாது.
சாதாரண ட்ரவுட்டாகத்தான் பிறக்கிறது,
மேலே ஓடைச் சரளையில், பழுப்பும் புள்ளியுமாக.
ஏதோ ஒரு வசந்தத்தில் சொல்லாமல் கடலுக்குப் போய்விடும்.
திரும்பும்போது உடம்பெல்லாம் வெள்ளி.
இங்கே அதற்குச் செவின் என்று பேர்.
பாலத்தின் நிழலுக்கே பயந்து
நாளெல்லாம் மடுவில் கிடக்கும்,
இருட்டினால்தான் அசையும்,
எனக்கு வாக்கப்பட்ட குடும்பத்தைப் போல.

டெலித் எழுந்தாள். புல் சாம்பலாகியிருந்தது.
எலெரியையும் வலையையும் கரையில் நிறுத்திவிட்டு
ஐந்து பேர் இறங்கினோம்.
ஆறு முதலில் முழங்காலைத் தொட்டுப் பார்த்தது,
பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

வீசிய கயிறு போன இடம் கண்ணுக்குத் தெரியாது.
காதுதான் சொல்லும்.
தலைக்கு மேல் ஒரு சீழ்க்கை,
அப்புறம் ஒன்றுமே கேட்காவிட்டால் நல்ல வீச்சு.
சளக் என்றால் மக்சென்.

நள்ளிரவு தாண்டி ஒரு கெட்ட வார்த்தை கேட்டது,
இரண்டு குரலில்.
அண்ணன் தம்பி கயிறுகள் நடு ஆற்றில் பின்னிக்கொண்டன.
முப்பது அடி தள்ளி நின்றவர்கள்
கயிற்றைச் சுற்றிச் சுற்றி
கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தார்கள்.
சிவப்பு விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டான் ரோத்ரி.
நான்கு கை, ஒரு முடிச்சு.

"இழுக்காதே."
"இது உன்னுது."
"அடியில விடு. அடியில."
"விட்டாச்சு."

நான்கு மாதத்தில் அவர்கள் பேசிய மொத்தமும் அதுதான்.
அதிலும் ரோத்ரியின் பங்கு பாதி எச்சில்.

அப்போது பிடித்தது.
அவிழாத முடிச்சுக்குக் கீழே
நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ஈயை,
இறகும் வெள்ளி இழையும் சுற்றிய பொய் ஈயை,
கவ்விக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது ஒரு செவின்.
இரண்டு ரீலும் ஒன்றாக அலறின.
விளக்கு தண்ணீரில் விழுந்து
கொஞ்ச தூரம் சிவப்பாகப் போய் அணைந்தது.
யாரோ தொப்பென்று ஆற்றில் உட்கார்ந்த சத்தம்.
டெலித் சிரித்த சிரிப்பில்
மேட்டுப் பண்ணை நாய் குரைத்தது.

எலெரி வலையை நீட்டினாள்,
மீன் தெரியாமல்,
தண்ணீர் திமிறிய பக்கமாக.

மூன்று ராத்தல் இருக்கும் என்றான் கெதின்.
நாலு என்றான் ரோத்ரி.
யாருடைய ஈ என்று பார்ப்பதற்குள்
அவள் கொக்கியைக் கழற்றிவிட்டாள்.
மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து
செவுள் நிதானமாகத் திறந்து மூடும்வரை காத்திருந்து
கையை விரித்தாள்.

என் ஃபோன் வெளிச்சத்தில் கரையெல்லாம் தேடினோம்.
ஈயைக் காணோம். முடிச்சு மட்டும் இருந்தது.
மக்சென் கத்தியை நீட்டினான்.
இருவரும் அவனை ஒரே மாதிரி முறைத்தார்கள்.

விடியும்போதும் அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
கிடாவைப் பற்றிப் பேச்சே எழவில்லை.
ஃபிளாஸ்க்கில் மிஞ்சிய தேநீரை மூடியில் ஊற்றி
கெதின் நீட்டினான்,
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்க்காமல்.
"எலெரி, உங்கப்பாகிட்ட குடு."

அவள் வாங்கினாள்.
இருவரையும் ஒரு தடவை பார்த்தாள்.
தானே குடித்தாள்.