பதிலளிக்க வேண்டாம்

அந்த விடுதி என் சமையலறை ஜன்னலில் தெரிகிறது.
கூப்பிடு தொலைவு.
போரா காற்று மலையிலிருந்து இறங்கும் நாளில்
அதன் கொடிக்கயிறு கம்பத்தில் அடித்துக்கொள்வது
இங்கே கேட்கும்.
கண்ணாடிக் கதவில் ஒரு தாள்:
இரவு வரவேற்பாளர் தேவை.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
நான்கு நிமிடம்.
மேசையில் ஒந்தீனா. தெரிந்தவள்தான்.
என் பழைய விடுதி மூடப்படும்வரை
மூன்று கோடைகள், காலை ஆறு மணிக்கு
சாவிக்கொத்தை என் கையிலிருந்து வாங்கியவள்.
"ஸ்தோயான், நல்லதாய்ப் போயிற்று" என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஆனால் இணையத்தில்தான் போடணும்.
நாங்களே பார்க்க முடியாது.
எல்லாம் மிலானோவிலிருந்து வருகிறதாம்,
மிலானோவுக்கு வேறெங்கிருந்தோ வருகிறதாம்."

அதே நான்கு நிமிடம் திரும்பி நடந்தேன்,
காற்று எதிரில்.

கடவுச்சொல் கேட்டது.
பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று.
கொடுத்தேன்.
இதை முன்பே பயன்படுத்திவிட்டீர்கள் என்றது.
எப்போது? நான் எப்போது இங்கே வந்தேன்?

தன்விவரக் கோப்பை ஏற்று என்றது. ஏற்றினேன்.
ஏற்றிய கோப்பில் இருப்பதையெல்லாம்
இனி ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய் என்றது.
வடித்த சோற்றை
அரிசியாக எண்ணிக் கொடு என்கிற மாதிரி.

அப்புறம் பெயர்.
சாஞ்சின் என்பதன் நடுவே ஓர் எழுத்துக்குத்
தலைமேல் குட்டிக் கொக்கி உண்டு.
ஒரு காலத்தில் இந்த நகரத்துச் சட்டம் அதைப் பிடுங்கியது.
அப்பா ஏழு அலுவலகம் ஏறி இறங்கி
முத்திரைத்தாளுக்குப் பணம் கட்டி
மீட்டு வந்து வாசற்கதவில் பொறித்தார்.
செல்லாத எழுத்து என்றது திரை, சிவப்பில்.
ஒரு தட்டு. கொக்கி போயிற்று.
ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகும்போது
இதைச் சொல்லப் போவதில்லை.

பிறந்த ஆண்டுக்கு உருட்டினேன்.
இரண்டாயிரம், தொண்ணூறு, எண்பது,
வாளி இறங்கிக்கொண்டே இருந்தது.
நான் இன்னும் அடியில் கிடந்தேன்.

மனிதன்தானா என்று பார்க்க
படிக்கட்டு உள்ள படங்களைத் தொடச் சொன்னது.
ஒன்றில் இருப்பது படியா, படியின் நிழலா?
நிழலையும் சேர்த்துக்கொண்டேன்.
தவறு.

ஐந்தாண்டுக்குப் பின் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
அறுபத்தொரு வயதில்
அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்,
குடித்துவிட்டுத் தள்ளாடி வரும் கப்பல்காரனுக்கு
அவன் அறை எண்ணைச் சொல்லிக்கொண்டு.
அதை எழுதவில்லை.
வளர்ச்சி, பொறுப்பு, சவால் என்று
யாரோ மாதிரி எழுதினேன்.

பக்கம் காலாவதியாகிவிட்டது,
மீண்டும் தொடங்கவும்.

நான் அப்போது சொன்ன வார்த்தைக்குக்
கீழ்வீட்டு மரீனெல்லா
துடைப்பக் கட்டையால் என் தரையை
இரண்டு முறை இடித்தாள்.

தொடங்கினேன். முடித்தேன். அனுப்பினேன்.

பதினெட்டு ஆண்டு ராத்திரி வேலை பார்த்த உடம்பு
மூன்று மணிக்குத் தானாக எழுந்து உட்காரும்,
வேலை போனது அதற்கு இன்னும் தெரியாது.
மூன்று பன்னிரண்டுக்குக் கைபேசி அதிர்ந்தது.
மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்.
உங்கள் அனுபவம் இப்பணிக்குப் பொருந்தவில்லை.
வாழ்த்துகள்.

ஊர் மொத்தமும் தூக்கம்.
விழித்திருப்பது அதுவும் நானும்.
பாவம், அதற்கும் ராத்திரி முறைதான் போல.
நீங்களும் இந்த நேரத்திலா,
காப்பியாவது குடித்தீர்களா என்று
பதில் எழுதினேன்.
கணத்தில் திரும்பி வந்தது:
இந்த முகவரியில் எவரும் வாசிப்பதில்லை.

ஜன்னலுக்கு வெளியே காற்று.
விடுதியில் விளக்கு எரிகிறது, நாற்காலி காலி.
பெட்டியோடு ஒரு பெண்
அழைப்புமணியை அழுத்திக்கொண்டே நிற்கிறாள்.
தொப்பி பறக்கிறது, பிடிக்கிறாள், மறுபடி அழுத்துகிறாள்.

நான்கு நிமிடம்.
ஓடினால் இரண்டு.
கோட்டு நாற்காலியில்தான் கிடக்கிறது.