இரண்டாம் பாகம்

வருணன் தன் பாசக்கயிற்றைக்
குபேரனிடம் அடகு வைத்திருந்தான்.
வட்டி ஏறிக்கொண்டே போனது.
மகரமீன் செத்துவிட்டதால்
கடலுக்கு அரசன் டவுன் பஸ்ஸில் ஏறினான்.
கண்டக்டர் சில்லறை கேட்டார்.
அந்த இடத்தில் முடிகிறது முதல் பாகம்.

நான் மண்டபத்தில்
நண்டுக் கம்பெனியில் எடை போடுகிறவள்.
தராசு மேசைக்கு அடியில்
ரசீதுக் கட்டோடு புத்தகத்தைச் செருகி வைப்பேன்.
லோடு இறங்குவதற்குள் நாலு பக்கம்.
ஐஸ் வண்டி பிந்தினால் ஒன்பது.
கூடைக்குள் நீலக்கால் நண்டுகள் நறநறக்க
உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள் கொற்றவை,
எருமைத்தலையை ஆபீஸ் வாசலில் மாட்டிவிட்டு.
அவள் கையெழுத்து அழகாக இருக்கும் என்று
எழுதியிருந்தது. எனக்கு அது பிடித்தது.

நண்டு கடித்த விரலால் பக்கம் புரட்டி
ஓரத்தில் ஒரு ரத்தப் பொட்டு.
"அசுரன் செத்த எடமா பிலோமி?" என்றான் கஸ்பார்.
புத்தகம் அவனுடையது.
ராமநாதபுரத்துக் கண்காட்சியில்
இரண்டு பாகமும் சேர்த்து வாங்கியிருந்தான்,
வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லி.
"கரைக்கு வந்ததும் ரெண்டாவதத் தாரேன்,
இன்னும் அறுபது பக்கந்தான்."
"முடிவ மட்டும் சொல்லிப்புடாத."

சனிக்கிழமை டோக்கன் போட்டுப் போனான்.
ஞாயிறு பூசை முடியுமுன்
கோயில் வாசலில் செய்தி நின்றது:
எல்லை தாண்டினார்கள் என்று
படகையும் ஐந்து பேரையும் பிடித்துவிட்டார்கள்.

தங்கச்சிமடம் பந்தலில்
அவன் மனைவி எமிலியாவின் பக்கத்தில்
அட்டை பிடித்து உட்கார்ந்திருந்தேன்.
அவள் தோளை அணைத்த கை என்னுடையதுதான்.
அந்த நேரத்தில்
கயிற்றை மீட்டானா வருணன் என்று
கேட்ட மனதும் என்னுடையதுதான்.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை.
நான் அவனைக் கும்பிடவில்லை சுவாமி,
அவனுக்காகக் கவலைப்பட்டேன்,
அவ்வளவுதான் என்று
சொல்ல வாய் வரை வந்தது.

இரவுகளில் நானே எழுதிக்கொண்டேன்
இரண்டாம் பாகத்தை, தலைக்குள்.
அதில் வருணன்
கச்சத்தீவுப் பக்கம் இடுப்பளவு நீரில் நின்று
கோட்டைத் தேடுகிறான்.
குனிந்து தடவிப் பார்க்கிறான்.
கையில் பாசி வருகிறது.
அவன் காலத்தில் கடலுக்குக் கரை உண்டு,
கோடு கிடையாது.
அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.
நான் எடை போடுகிறவள். இருப்பதைத்தான்
நிறுக்கத் தெரியும்.

எழுபத்து நாலாம் நாள் வந்தான்.
தாடி. கன்னம் ஒட்டியிருந்தது. படகு வரவில்லை.
நலம் விசாரிக்க எல்லாரும் இருந்தார்கள்,
நான் ஓரமாய் நின்றேன்.
அவனே கண்டுகொண்டான்.

"இடுப்புல சொருகிட்டுத்தான் போனேன்.
உள்ள தெனம் சத்தமா வாசிச்சேன்.
வார்டர்கூட கம்பியப் புடிச்சுக்கிட்டு கேப்பாரு,
யாரும் வந்தா அதட்டுற மாதிரி நடிப்பாரு.
நாங்க விடுதலையானப்ப
ஜெகதாப்பட்டினத்து ஆளுக இன்னும் உள்ள இருந்தாக.
நூத்திப் பத்தாம் பக்கத்துல இருந்தாக.
எப்படிப் புடுங்கிட்டு வர?"

"சரி, முடிவு?"
"நீதான சொல்லக் கூடாதுன்ன."
தாடிக்குள் சிரித்தான்.
எமிலியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
பிறகு, போனால் போகிறது என்பதுபோல்:
"கயிறு கெடைக்குது. ஆனா
அவன் அத வச்சு யாரையும் கட்டல."

பதிப்பகத்தில் பிரதி இல்லையாம்.
போன் எடுத்த பையன்
மறுபதிப்பு வந்தால் சொல்கிறேன் என்றான்.

ராமேஸ்வரம் பஸ்ஸில்
சில்லறை இல்லாமல் நிற்கிற ஆளைக் கண்டால்
இப்போதெல்லாம் கீழே பார்க்கிறேன்,
கால் நனைந்திருக்கிறதா என்று.