நடுவிலிருந்து பதினைந்து கிராம்

அரைமணிக்கு ஒருதரம் ஐந்து பை.
சம்மாந்துறை ஆலையில் இரவில் இதுதான் என் வேலை.
பெல்ட்டில் வரும் சம்பாவில் ஐந்தை இறக்கித்
தராசில் வைத்து
எழுதிவிட்டுத் திரும்ப ஏற்றுவேன்.

நாலாயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
எண்பத்தைந்து. தொண்ணூற்றொன்று.
எண்பத்துநான்கு.

பையில் அச்சடித்திருப்பது ஐந்து கிலோ.
கூடவோ குறையவோ இருபத்தைந்து கிராம் போகலாம்,
அதற்கு மேல் ஆகாது.

கச்சான் அடித்த கிழமை
எண்கள் கண்டபடி ஓடின.
அப்போது நான் கணக்குப் போடவில்லை.
நிலையாய் நிற்காத ஒன்றிடம்
உன்னால் என்ன முடியும் என்று கேட்டு
என்ன பிரயோசனம்?
காற்று விழுந்து,
வரைபடத்தில் புள்ளிகள் கோடு தாண்டாமல்
இரண்டு இரவு கிடந்த பிறகுதான்
கல்குலேட்டரை எடுத்தேன்.

விட்டிருக்கும் இடம் ஐம்பது கிராம்.
யந்திரத்துக்குத் தேவை முப்பது:
அதன் ஆட்டம், ஆறு சிக்மா.
ஐம்பதை முப்பதால் வகுத்தால்
ஒன்று தசம் ஆறு ஏழு.
இது சீபீ.
மனேஜர் ஜௌபர் பார்த்துவிட்டு
"மாஷா அல்லாஹ்" என்றார்.
கொழும்புக் கம்பனியின் படிவத்தில்
அந்த ஒரு பெட்டிதான் இருந்தது.

என்னை ஏற்றிவரும் கல்முனை பஸ்
ஒருநாள் எட்டரைக்கு, ஒருநாள் ஒன்பதரைக்கு.
மாதத்தின் சராசரியை எடுத்தால்
சொன்ன நேரம் ஒன்பதுக்கே வந்ததாகும்.
எங்கள் ஒழுங்கையில் தைக்கிற ஹிதாயா
எந்த உடுப்பையும் சரியாகப் பத்து நாள் பிந்தித் தருவாள்;
பதினொன்றாகாது, ஒன்பதுமாகாது.
பஸ்ஸைத் திருத்த என்னால் முடியாது.
ஹிதாயாவிடம் பெருநாளைப்
பத்து நாள் முன்தள்ளிச் சொன்னால் போதும்.

எங்கள் யந்திரம் ஹிதாயாவின் சாதி.
சிதறுவதில்லை. ஆனால் நிற்கும் இடம் வேறு.
நடுவிலிருந்து பதினைந்து கிராம் கீழே.
அடுத்திருக்கும் எல்லைக்குப் பத்தே கிராம்.
பத்தைப் பதினைந்தால் வகுத்தேன்:
பூச்சியம் தசம் ஆறு ஏழு.
இது சீபீகே.
அதே இரவு, அதே அரிசி,
முழுதாய் ஒன்று குறைகிறது.

ஆயிரம் பையில் இருபத்துமூன்று
எல்லைக்குக் கீழே போகும்.
ஓர் இரவில் நாலாயிரம் பை.

யாரும் களவெடுக்கவில்லை.
போன மாதம் யோகராசா எடைக்கலத்தைக் கழற்றிப்
புதிதாய்ப் பூட்டினார்.
அன்றிலிருந்து இப்படி.
ஆனால் நான் சொன்னதும் ஜௌபர்
மனதுக்குள் பெருக்கினார், நானும் பெருக்கினேன்:
பதினைந்து தர நாலாயிரம், அறுபது கிலோ.
இரவொன்றுக்கு.
"தானா வந்தது புள்ள," என்றார் மெதுவாக,
"சராசரி எல்லைக்குள்ளதானே கிடக்கு."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது.
சிதறுகிற யந்திரத்தால்
இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிள்ள ஏலாது.
கிள்ளப் போனால் பாதிப் பை பிடிபடும்.
கைத்திறமை உள்ளதுக்குத்தான்
இந்த ஓரத்தில் நிற்க முடியும்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை.
பெட்டிக்குள் கேட்ட எண்ணை எழுதினேன்.
பெட்டிக்கு வெளியே, விளிம்பில்,
கேட்காத எண்ணையும் எழுதி நீட்டினேன்.
அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
சுபஹுக்கு பாங்கு சொன்னது.
எழுந்து போனார், கையொப்பம் வைக்காமல்.

தொழுதுவிட்டு வந்தவர்
என்னைப் பார்க்காமல் யோகராசாவிடம் கேட்டார்:
"அதைத் திருப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

நாலு நிமிடம் பிடித்தது.

ஐயாயிரத்து மூன்று.
நாலாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றொன்பது.
ஆட்டம் நின்றபாடில்லை, நிற்கவும் போவதில்லை.
மற்ற இரண்டு பையையும் இறக்கினேன்.
இன்னும் இருபத்துநான்கு தரம்.