இரட்டைப் பதிவு

கணினி சொன்னது: ஒரே ஆள்.
பெயர் நம்புத்தாய். வயது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று.
ஊர் பாம்பன், சின்னப்பாலம்.
இடம்: வாய், கன்னத்தின் உட்புறம்.
மதுரையில் ஒரு கோப்பு, தஞ்சாவூரில் ஒன்று.
சேர்க்கவா என்று கேட்டுச்
சிமிட்டிக்கொண்டே இருந்தது கட்டம்.

சேர்த்திருப்பேன்.
போன வாரம் மட்டும் பதினாறு சேர்த்தேன்.
தொண்டி சீனி முகமதுவும் எஸ். முகம்மதும்
மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய
ஒரே நுரையீரல்.
சீட்டை அல்ல, ஆளை எண்ணுகிறோம்.

ஆனால் நம்பு.
அந்தத் தீவில் நம்புநாயகி பெயர் வைக்காத தெரு
எது? பஸ் ஏறினேன்.

முதல் வீட்டில் புருஷன் இருந்தார். அவள் இல்லை.
நோய் எப்போது தெரிந்தது என்றேன்.
"கச்சான் எடுத்து கடல் கலங்குன மறுவாரம்."
தடைக்காலம் முடிந்தா, முடியுமுன்னா?
"முடியல."
மாதம்: ஐந்து. நாள்: தொண்ணூற்றொன்பது.
தெரியாத நாளெல்லாம் எங்களுக்குத் தொண்ணூற்றொன்பதுதான்.
அவள் போன நாளை மட்டும்
கேட்காமலே சொன்னார், கிழமையோடு, மணியோடு.

இரண்டாவது முகவரி கடற்கரை.
பாசி காயும் தார்ப்பாயில்
சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்,
விரல்களில் இன்னும் துணிச் சுற்று,
இடது கன்னம் உள்வாங்கி.
"நாந்தான் நம்புத்தாயி. அவ எனக்கு மதினி.
ஒரே வல்லத்துல போவோம், ஒரே பொட்டலம் பொகையில.
அடக்கிக்கிட்டா தண்ணிக்குள்ள குளிரு தெரியாது."
கொஞ்சம் குழறி, பிறகு:
"என்னையும் அவளோட சேத்து முடிச்சிட்டியளா?"

இல்லை என்றேன்.
ஒரு சொடுக்கு தூரத்தில் இருந்தாள் என்பதைச் சொல்லவில்லை.

"எண்ணி?"

எண்ணி, லட்சம் பேருக்கு இத்தனை என்று ஓர் அட்டவணை.
அதில் இந்தக் கரைக்கு ஒரு வரி.
வரி கனத்தால், வாய் பார்க்கும் டாக்டர்
வியாழக்கிழமை தோறும் மண்டபத்துக்கு வரலாம்.
வரலாம் என்றுதான் சொன்னேன்.

கையிலிருந்த கல்லைத் தூர எறிந்தாள்;
பாசியில் கிடந்தால் வியாபாரி எடை வெட்டுவான்.
"சரி, எழுது. பொகையிலன்னு எழுது.
தண்ணி குளிருன்னும் எழுது."

குளிருக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்,
திங்கட்கிழமை யாராவது அழிப்பார்கள்.

இரண்டு பதிவு. சேர்க்க வேண்டாம்.
இரண்டாவதன் கீழே
நிலை: உயிருடன்.
கடைசியாகப் பார்த்த நாள்: இன்று.
இதற்குத் தொண்ணூற்றொன்பது தேவைப்படவில்லை.