மூன்றாம் மேசை

காலை எட்டரைக்குச் சுவிச்சைப் போட்டால்
நாலு சுரம் பாடும் இந்தக் கொம்பியூட்டர்.
பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்கிற
கல்யாண வீட்டு ஆள் மாதிரி
வாங்க வாங்க என்று ஒரு சத்தம்.

சம்மாந்துறைக் கந்தோரில் மூன்றாம் மேசை எனது.
பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே மேசைதான்,
ஒரே கதிரை,
'ன' தேய்ந்துபோன ஒரே விசைப்பலகை.
காரைதீவிலிருந்து வரும் பஸ்ஸில்
இன்றைக்கு எது முதலில் வரும் என்று நினைப்பதுண்டு.
நினைத்தது வந்ததில்லை.

பங்குனி முழுக்கக் கறண்ட் வெட்டு.
யூ.பி.எஸ். செத்து இரண்டு வருடம்.
புதிது கேட்டு நான் எழுதிய கடிதம்
ஏதோ ஒரு கோவைக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது.

அன்று எதிரே இருந்தவர் மீராமொகிதீன்.
என் வயதுதான் இருக்கும்.
சேட்டுப் பையில் மடித்த படிவம்,
முழங்காலில் ஹெல்மெட்.
மௌத்தானது மனைவி.
ஆதம்பாவா ஜெசீ
என்பதுவரை அடித்திருந்தேன்.
'மா' இருந்தது என் விரலில்.
திரை கறுத்தது.
காற்றாடி தன் கடைசிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு நின்றது.
பின்னால் நெல் ஆலையும் நின்றதில்தான்
அது இவ்வளவு நேரமும் இரைந்தது தெரிந்தது.

இருவரும் மேசையைப் பார்த்தோம்.
றப்பர் முத்திரையில் நேற்றைய திகதி.

பிறகு கறண்ட் வந்தது.
பிறகு அந்த நாலு சுரம்.

சாவீட்டில் சிரித்துவிட்ட பிள்ளையின் வாயைப் பொத்துவதுபோல
ஸ்பீக்கரைக் கையால் பொத்தினேன்.
விரலிடுக்கால் பாடி முடித்தது.
"வந்திட்டு போல, மிஸ்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
முதலிலிருந்து அடித்தேன்,
ஆ.

இரண்டாம் மேசை நவநீதன் வந்து காட்டினான்:
ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு சரி.
"எடுத்துவிட்டால் ஊமை.
இதுக்கா மூன்று நாள் யோசிச்சீங்க?"
எடுத்தேன்.

அதற்குப்பின்
வெட்டுக்கு வெட்டு ஒரே கேள்வி வரிசையில்:
வந்திட்டா? இன்னும் வரல்லியா?
மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல
நான் மவுசைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.
மல்வத்தையிலிருந்து ஒரு குலேந்திரன்,
எண்சாத்திரம் பார்த்து வைத்த மகள் பெயரில்
நாலு வடமொழி எழுத்து.
கொம்பியூட்டர் எப்போதோ வந்து
மங்கிய திரையோடு காத்திருக்க,
அதன் முன்னால் நாங்கள் கால்மணி நேரம்
கறண்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

காப்புறுதிக்கு இன்னொரு பிரதி வேண்டுமென்று
மீராமொகிதீன் வந்தார்.
"இண்டைக்கு அது பாடல்லியே."
நிப்பாட்டிட்டன் என்றேன்.
"ஏன்?"
படிவத்தில் இல்லாத கேள்வி.
பிரின்டரைப் பார்த்தேன்.
"அண்டைக்கு எழும்பிப் போகத்தான் இருந்தன்.
அது கேட்டுத்தான் இருந்த."
பிரதியை வாங்கி,
பெயரை மட்டும் ஒருதரம் வாசித்து,
மடிக்காமல் கொண்டுபோனார்.

சரியைத் திரும்பப் போட்டேன்.
ஆனால் காலையில் வந்ததும்
என் இயர்ஃபோனைக் குத்தி
முத்திரை மைக்குப் பக்கத்தில் போட்டுவைப்பேன்.
மூன்று தெரு தள்ளி ஏதோ கல்யாணம்
என்கிற அளவுக்குக் கேட்கும்,
எனக்கு மட்டும்.

இன்றைக்குக் குத்த மறந்துபோனேன்.
கந்தோர் முழுக்க நாலு சுரமும்.
வரிசையில் முதலாவது நிற்பவர் தலை தூக்கினார்.
அவர் கையில் எந்தப் படிவம் என்று
நான் இன்னும் பார்க்கவில்லை.