திட்ட விலக்கம்

ஜூன் மாதத்து வால்டிவியா
மழைக்குள் இருக்கிற ஊர்.
மாணவர் நலக் கட்டடம், மூன்றாம் மாடி.
ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கால் ஆடும் நாற்காலி.
இரவு பத்திலிருந்து நாலு வரை நான்.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
அறிவுரை வேண்டாம்,
அவசர ஆறுதலும் வேண்டாம்,
கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேள்.
கணக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு பத்துக்கு மணி அடித்தது.
"கணக்குல ஒரு சந்தேகம், கேக்கலாமா?"
பெண் குரல். தொண்டை கட்டிய குரல்.
புள்ளியியலில் இரண்டு முறை தோற்றவன் நான்.
கேளுங்க என்றேன்.

"ஏழு எண். சராசரி மூணு வருது.
ஒவ்வொண்ணும் அதுலேர்ந்து எவ்வளவு விலகியிருக்குன்னு பாத்து
எல்லாத்தையும் கூட்டுறேன்.
பூச்சியம்.
அழிச்சிட்டு மறுபடி கூட்டுறேன்.
பூச்சியம்.
பதினோரு மணியிலேர்ந்து
நான் எதைக் கூட்டினாலும் பூச்சியம்தான் வருது."

கடைசி வரியில் குரல் உடைந்தது.
கீழே ஆற்றங்கரை மீன்சந்தைப் பக்கம்
கடற்சிங்கம் ஒன்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

சொன்னேன்: "நீங்க தப்பே பண்ணல.
அது எப்பவும் பூச்சியம்தான் வரும்.
கூட இருக்கிறதும் குறைஞ்சு இருக்கிறதும்
ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.
அதனாலதான் முதல்ல வர்க்கப்படுத்தணும்.
அந்த ஒரு படியைத்தான் விட்டுட்டீங்க."
(இரண்டு முறையும் நான் விட்ட படி.)

நெடுநேரம் மழை மட்டும் பேசியது.
"தப்பு இல்லையா?"
"இல்ல."
மூக்கை உறிஞ்சினாள். பென்சில் கீறும் ஓசை.

"எண்களைச் சொல்லுங்க, சேந்து போடலாம்."
மூன்று. ஒன்று. நான்கு. பூச்சியம்.
இரண்டு. ஒன்பது. இரண்டு.
"என்ன அளவு இது? மீன் நீளமா?"
எங்கள் பாடநூலில் எல்லாமே மீன் நீளம்.

"இல்ல. போன வாரம்
நான் தூங்கின மணி நேரம்."

பேனாவை வைத்தேன்.
பயிற்சியில் சொன்ன கேள்வியை
சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை தோணிச்சு," என்றாள்.
பிறகு, "இப்ப இல்ல. இப்ப பசிக்குது."

அலமாரியில் என்ன இருக்கிறது என்றேன்.
பாதி ரொட்டி. கொஞ்சம் அவகாடோ, கறுத்தது.
கறுத்ததைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டாள்.
மெல்லும் சத்தத்தை நான்
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த ஒன்பது எந்த ராத்திரி?"
"சனிக்கிழமை. அறைத்தோழி மகலேனா
அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா.
பக்கத்து அறையில அவ தம்பிங்க
விடிய விடிய சண்டை. எப்படித்தான் தூங்கினேனோ.
அதை எடுத்துடவா? ஒட்டாம தனியா நிக்குதே."

"எடுக்காதீங்க" என்றேன்,
அறிவுரை வேண்டாம் என்பதை மறந்து.

மூன்றரைக்கு விடை வந்தது.
இரண்டு புள்ளி ஏழு மூன்று.
மகலேனாவை எழுப்பச் சொன்னேன். எழுப்பினாள்.
புதன் காலை ஒன்பதரைக்கு
உளவியலாளர் ஒயார்சூனிடம் நேரம் குறித்தேன்.
பெயர் கேட்டேன். சொன்னாள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
பதிவேட்டில் "அழைப்பின் வகை" என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
கணக்கு என்று எழுதினேன்.

ஜூலையில் மூன்றாம் முறை தேர்வு எழுதப் போனேன்.
அறுபது பேர், ஈரக் கோட்டுகள், ஒரே ஹீட்டர்.
நாலாம் கேள்வி அதேதான்.
முகம் தெரியாத ஒருத்தியைத் தேடித்
தலை தூக்கினேன்.

ஜன்னலோரம் யாரோ ஒருத்தி
வாயை மூடாமல்
ஆற அமரக்
கொட்டாவி விட்டாள்.