எதிரெடை

மார்ச் பதினொன்று. பனிச்சாலை
மூன்று வாரம் முந்தியே உளையாகிவிட்டது.
இரட்டைக்கல் ஏரியின் தென்கரையில்
ஒரு டீசல் லாரி அச்சுவரை புதைந்து
விளக்கணையாமல் நிற்கிறது.
தாம்சனிலிருந்து இனி நாங்கள்தான் போக வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் என்றார்கள் இதை.
வரைபடத்தில் காய்த்து வரைபடத்திலேயே வாடும்,
முதலீட்டாளர் கூட்டத்தில் மட்டும் பறக்கும் என்று.
இதோ, கறிக்கு வந்துவிட்டது:
நூற்றிருபது மீட்டர் வெள்ளைச் சுரைக்காய்,
வயிறு முழுக்க ஹீலியம்,
வயிற்றுக்குக் கீழே பதினெட்டு டன்
மாவு, டீசல், குழந்தைகளுக்குப் பால்பவுடர்,
பாட்டில் தண்ணீர்,
பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொதிகலன்.

ஓட்டுபவள் கிரேட்டா தீசன். கணக்கு என்னுடையது.
எப்படி ஏறுகிறது என்றே எல்லோரும் கேட்கிறார்கள்.
ஏறுவது அதன் சுபாவம்.
இறக்குவதில்தான் தொல்லை.
ஒரு மூட்டை மாவை எடுத்தால்
அந்த மூட்டையளவு அது விண்ணுக்குப் போகப் பார்க்கும்.
கொடுத்த கையாலேயே வாங்கவும் வேண்டும்,
எடைக்கு எடை.
துலாபாரத் தட்டில் பிள்ளையை உட்காரவைத்து
எதிர்த்தட்டில் வெல்லம் அடுக்குவார்களே,
அதே கணக்கு. வேண்டுதல் மட்டும் இல்லை.

வழக்கமாக ஏரிப்பனியில் துளையிட்டு
தண்ணீரை உறிஞ்சிக்கொள்வோம்.
பதினேழு வருஷமாய்
‘காய்ச்சிக் குடி’ என்று பலகை நிற்கும் ஏரி.
நல்ல தண்ணீரைப் பாட்டிலில் இறக்கிவிட்டு
கெட்டதை நிரப்பிக்கொண்டு கிளம்புவது
எனக்கே கூச்சமாக இருந்தது.
பேசாமல் குழாயை இழுத்தேன்.

இறங்குதளத்துக்குப் பொறுப்பு எல்வினா ஃப்ளெட்.
குழாயை பூட்ஸால் மிதித்துக்கொண்டு கேட்டாள்:
“உனக்கு வேணும்கிறது தண்ணியா, எடையா?”
“எடை.”
“எடை எங்ககிட்ட நிறைய இருக்கு.”

பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
பனிச்சாலை ஏறி வந்து
திரும்பிப் போகாத எல்லாம் அங்கே கிடந்தன.
கதவில்லாத ஃபிரிட்ஜுகள்,
ஸ்னோமொபைல் எலும்புகள்,
எண்பத்தொன்பதில் வந்த மஞ்சள் பேருந்து,
அதன் ஓட்டுநர் இருக்கையைத் துளைத்து
இலையற்ற ஒரு வில்லோ.
“வர்றதுக்கு லாரி உண்டு.
போறதுக்குக் காசு யார் கொடுப்பா?”

இரண்டு மணி நேரம்.
ஒரு கட்டு மாவு இறங்கும், ஒரு ஃபிரிட்ஜ் ஏறும்.
எது யார் வீட்டுடையது என்று பெயர் சொல்லிச் சொல்லி
பையன்கள் ஏற்றினார்கள்.
பேருந்து தரையைவிட்டு எழுந்தபோது கைதட்டல்.
அதில் போய்ப் படித்த ஒருவர் மட்டும்
கையை ஜேப்பிலிருந்து எடுக்கவில்லை.

கடைசியில் அறுபது கிலோ குறைந்தது.
காற்று திரும்புகிறது என்று மேலிருந்து கிரேட்டா கத்துகிறாள்.
ஒரு பேட்டரி, ஒரு சைக்கிள், ஏதாவது என்று
நான் குனிந்து தேடிக்கொண்டிருக்கையில்
எல்வினா தராசில் ஏறி நின்றாள், பையோடு.
அறுபத்தொன்று.

“மக தாம்சன்ல இருக்கா. நாள் நெருங்கிடுச்சு.
இங்க பிரசவம் பார்க்க ஆளில்லைன்னு
ஒரு மாசம் முன்னாடியே ஏத்தி அனுப்பிட்டாங்க.
பிளேன் டிக்கெட் ஆயிரத்து நானூறு டாலர்.”

எங்களுக்குச் சரக்கு உரிமம் மட்டும்;
பயணிகள் பத்தியைத் திரை பூட்டியே வைத்திருக்கும்.
எதிரெடைப் பத்தி திறந்திருந்தது.
எழுதினேன்:
பேருந்து, ஒன்று. ஆறாயிரத்து இருநூறு.
ஃபிரிட்ஜ், நாற்பத்து நான்கு உருப்படி.
ஃப்ளெட், ஒன்று. அறுபத்தொன்று.
கிரேட்டா படித்தாள். இருமினாள்.
தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.
அது முன்பே கணக்கில் இருந்தது.

தாம்சன், இரவு ஒன்பதே முக்கால்.
ஏணியில் இறங்கி
விடைபெறக்கூட நிற்காமல்
ஆஸ்பத்திரி விளக்கைப் பார்த்து நடந்தாள், பிறகு ஓடினாள்.
கடைசிப் படியை அவள் கால் விட்ட கணம்
கப்பல் கயிற்றை ஒருமுறை
மேலே இழுத்துப் பார்த்தது.

அறுபத்தொரு லிட்டர் போதும், சமன் செய்ய.
குழாயைத் திறக்க
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.